அம்மாவின் பக்குவ நோட்டு

ஒரு தாய் இறந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்தபின், பிள்ளைகள் கூடி அவருடைய பொருள்களைப் பங்கிடுவது வழக்கம். நகை ஒருவருக்கு, பட்டுச் சேலை ஒருவருக்கு, செபமாலையும் செபப்புத்தகமும் மூத்த மகளுக்கு. அடுக்களை அலமாரியில் மஞ்சள் கறையோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் கிடக்கும் சமையல் நோட்டை மட்டும் யாரும் கேட்பதில்லை. அண்மைக் காலத்தில் இந்த நிலை சற்று மாறியிருக்கிறது. சிலர் அதை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, உறையிட்டு, பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். அதுவும் போதாது என்பதே என் எண்ணம். அந்த நோட்டு சமைப்பதற்கென்று எழுதப்பட்டது. அதை வைத்துச் சமைக்க வேண்டும். அதுவும், எழுதியவரோடு அடுப்படியில் நின்ற ஒருவராவது உயிரோடிருக்கும்போதே சமைக்க வேண்டும்.

இதில் என்ன அவசரம் என்று கேட்பீர்கள். என் அம்மாவின் நோட்டையே எடுத்துக்கொள்கிறேன். நாகர்கோவிலில் 1955-இல், திருமணமான ஆண்டில், அம்மா அதைத் தொடங்கினார். முதல் பக்கங்களில் சுக்கு "ஓரணாவுக்கு" என்றும் ஏலக்காய் "இரண்டணாவுக்கு" என்றும் இருக்கிறது. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோவும் கிராமும் படிப்படியாகக் கடைக்கு வந்தன. ஆனால் அம்மாவின் அடுக்களையில் ராத்தல் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் குடியிருந்தது. ராத்தல் என்பது ஏறத்தாழ 454 கிராம். நாழியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. இவற்றையெல்லாம் கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். "சின்னப் பித்தளை டம்ளரால் மூன்று" என்று அம்மா எழுதியதை எந்த வாத்தியாரிடம் போய்க் கேட்பது? பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கிய காலத்தில் அந்த டம்ளர் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

எல்லாப் பொருளையும் அதே டம்ளரால் அளந்திருந்தால் கவலையில்லை; எந்த டம்ளரை எடுத்தாலும் விகிதம் மாறாது. முந்திரிக்கொத்துப் பக்கத்தில் பயறு டம்ளரிலும் சர்க்கரை ராத்தலிலும் அல்லவா இருக்கிறது!

இந்தச் "சர்க்கரை" என்ற சொல்லும் ஒரு பொறி. நாகர்கோவில் பக்கத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. சென்னையில் வளர்ந்த என் அக்காள் மகள் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடையில் சீனி வாங்கி வந்து நின்றாள். அவள்மேல் குறை சொல்ல முடியுமா? அவள் ஊர்த் தமிழில் அது சரிதான். நல்லமிளகு, வத்தல், மரச்சீனி என்று எழுதியிருக்கும் இடங்களிலும் அவளுக்கு உரை தேவைப்பட்டது.

முந்திரிக்கொத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரில்தான் முந்திரி, உள்ளே ஒரு முந்திரிப்பருப்பும் கிடையாது. சிறுபயற்றை வாசம் வரும்வரை வறுத்து, உடைத்து, தோல் புடைத்துத் திரிக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் பண்டம் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். எள், ஏலக்காய், சுக்கு சேர்த்து, கொதிக்கும் பாகை ஊற்றிக் கிளறி, சூடு ஆறுமுன் உருண்டை பிடிக்க வேண்டும். பிறகு மஞ்சள் பொடி கலந்த அரிசி மாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கித் தேங்காய் எண்ணெயில் போட்டால் கொத்தாக ஒட்டிக்கொண்டு வெந்து வரும். கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டில் கேக் இல்லாத ஆண்டு உண்டு. கொத்து இல்லாத ஆண்டு கிடையாது.

இத்தனை வேலைக்கும் அம்மாவின் குறிப்பு எட்டு வரி. பாகைப் பற்றி மூன்றே சொற்கள்: "பதம் வந்ததும் இறக்கு." எந்தப் பதம்? பாகு இளகலாக இருந்தால் உருண்டை எண்ணெயில் உடைந்து கரையும்; முற்றினால் பல் உடையும். அம்மாவுக்கு அது கைப்பழக்கம். தமக்குத் தெரிந்ததை அவர் எழுதவில்லை, மறந்துவிடக் கூடியதை மட்டும் எழுதினார். எண்பத்தாறு வயதான என் சித்திதான் வழி காட்டினார். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெதுவாக உருள வேண்டுமாம். தட்டில் போட்டால் சத்தம் கேட்கக் கூடாதாம். டம்ளர் அளவையும் அவரே தீர்த்தார். பயற்றில் கையை விட்டு அள்ளி, "இவ்வளவு, இன்னும் ஒரு பிடி," என்று கொட்டினார். தராசில் 200 கிராம் நின்றது. அந்தக் கணக்கில் செய்த கொத்தைத் தின்ற என் அண்ணன் ஒன்றும் பேசாமல் இரண்டாவதற்குக் கையை நீட்டினார்.

இப்போது கைபேசியில் ஆயிரம் சமையல் படங்கள் இருக்கின்றனவே, இந்தச் சிரமம் எதற்கு என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். நானும் அவற்றைப் பார்க்கிறேன், பயனும் உண்டு. ஆனால் 'ஒருசந்தி நாள்' என்று தலைப்பிட்டு அம்மா எழுதிய பக்கம் அங்கே கிடைக்காது. பெரிய வெள்ளிக்குக் கஞ்சி, பயறு, தேங்காய்த் துவையல், தாளிக்க வேண்டாம். அதன் ஓரத்தில் ஒரு வரி: "பெரியவனுக்குக் காய்ச்சல், அவனுக்கு மட்டும் இரண்டு இட்லி." எங்கள் வீட்டில் தவக்காலம் எப்படி நடந்தது என்பதற்கு எங்களிடம் உள்ள எழுத்துச் சாட்சி இதுதான்.

அந்த நோட்டில் உள்ள எல்லாமே வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. ரேடியோ கேட்டு எழுதிய ஓர் அல்வாவின் கீழே "நன்றாக வரவில்லை" என்று அம்மாவே எழுதியிருக்கிறார். பேறுகால மருந்துப் பக்கங்களை மருத்துவரைக் கேட்காமல் யாரும் தொட வேண்டாம். ஆனால் புது நோட்டில் அழகாகப் பெயர்த்தெழுதுகிறேன் என்று சொல்லி ஓரக் குறிப்புகளையும் அடித்தல் திருத்தல்களையும் விட்டுவிடுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அளவு மட்டும்தான் வேண்டுமென்றால் கடையில் புத்தகம் கிடைக்கும்.

மாணவியரே, அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை வரும்போது வீட்டில் நோட்டு இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் பாட்டியிடம் ஒரு பண்டத்தை மட்டும் சொல்லச் சொல்லி எழுதுங்கள். "ஒரு கை" என்று அவர் சொன்னால் அந்தக் கையாலேயே தராசில் போடச் சொல்லுங்கள். தம்பிமாரையும் கூப்பிடுங்கள், பயறு புடைக்க அவர்களுக்கும் கை இருக்கிறது.

என் நோட்டில் அம்மாவின் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "டம்ளர் = பயறு 200 கிராம், சித்தி சொன்னது." ஓரணாச் சுக்குக்கு நேரே இன்னும் இடம் காலியாக இருக்கிறது. டிசம்பரில் சித்தி வரும்போது சுக்கும் தராசும் எடுத்து வைத்திருப்பேன்.