உறுதி எம்மிடம், திறப்பு அவர்களிடம்

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே சொந்தம் என்பது சந்தைக்குச் செல்லும் சிறுவனும் அறிந்த நியாயம். கணனிகளையும் கைத்தொலைபேசிகளையும் விற்போர் இந்த நியாயத்தை ஓசையின்றி மாற்றிவிட்டனர். காணி உறுதியை எம்மிடம் தந்துவிட்டு, படலையின் திறப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றனர்.

தொடக்கம் இவ்வாறு இருக்கவில்லை. 1981இல் தனது தனியாள் கணனியை வெளியிட்ட ஐ.பி.எம். நிறுவனம், அதன் மின்சுற்று வரைபடங்கள் அடங்கிய தொழில்நுட்பக் கைநூலையும் விற்பனைக்கு விட்டது. பிறரும் அதற்கு உதிரிப்பாகங்கள் செய்யலாயினர். கணனி மலிந்து உலகெங்கும் பரவியமைக்கு இத்திறந்த தன்மையும் ஒரு காரணம்.

பின்னர் நிகழ்ந்தவை வேறு. 2009 யூலையில் அமேசன் நிறுவனம், ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’ நாவலின் ஒரு பதிப்பை, அதை வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே அழித்தது. அதனை வழங்கியவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பியளிக்கப்பட்டது, நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆயினும் எமது வீட்டுக்குள் நுழையும் வழி அவர்களிடம் உண்டென்பது வெளிப்பட்டுவிட்டது. 2010 ஏப்ரலில் சொனி நிறுவனம், பிளேஸ்டேசன் 3இல் வேறு இயங்குதளம் நிறுவும் வசதியை, விற்றுப் பல காலம் சென்றபின் நீக்கியது.

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாமையால், பழுதேதுமற்ற கணனிகள் பல தகுதியிழந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் லினக்ஸை நிறுவி மேலும் பல்லாண்டு பயன்படுத்தலாம். அங்கே படலை இன்னும் பூட்டப்படவில்லை. பூட்டிய கைத்தொலைபேசிகளுக்கோ அந்த வழியும் இல்லை. ஊரிலுள்ள உறவுகளுக்கு நாம் அனுப்பும் பழைய கருவிகளின் ஆயுளும் இதிலேயே தங்கியுள்ளது.

பூட்டு திருடருக்காகவே என்பர் விற்போர். பூட்டு வேண்டியதுதான், ஆனால் திறப்பு வீட்டுக்காரரிடம் இருக்கவேண்டும்.

திருத்தும் உரிமை குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சட்டம் இயற்றி, 2026 யூலை 31 முதல் அதனைச் செயற்படுத்துமாறு உறுப்பு நாடுகளைப் பணித்தது. நல்ல தொடக்கமே; ஆயினும் போதாது. ஆதரவை நிறுத்தும் நாளிலேயே திறப்பையும் உரியவரிடம் ஒப்படைக்கவேண்டும் எனச் சட்டம் சொல்லவேண்டும். அதுவரை, கடையில் விலையைக் கேட்கும் நாம், திறப்பு யாரிடம் என்பதையும் கேட்டே வாங்குவோம்.