ஓய்வு கொடுத்தால் மட்டும் போதுமா?

போதகர் என்றால் களைப்பே வராதா என்ன? அமெரிக்காவில் பார்னா என்ற ஆய்வு நிறுவனம் புராட்டஸ்டண்ட் போதகர்களிடம், கடந்த ஓராண்டில் முழுநேர ஊழியத்தை விட்டுவிட யோசித்தீர்களா என்று கேட்டது. 2021 ஜனவரியில் 29 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2022 மார்ச்சில் அது 42 சதவீதம்! அப்படி யோசித்தவர்களில் 56 சதவீதம் பேர் வேலையின் மன அழுத்தத்தையும், 43 சதவீதம் பேர் தனிமையையும், 38 சதவீதம் பேர் அரசியல் பிளவையும் காரணமாகச் சொன்னார்கள்.

உடனே கிடைக்கும் அறிவுரை என்ன? "ஓய்வெடுங்கள், இன்னும் ஜெபியுங்கள்." நல்லதுதான். ஆனால் நோய் ஓரிடத்தில், மருந்து வேறிடத்தில்!

கொரோனா காலத்தில் முகக்கவசம் போடச் சொன்னால் ஒரு கூட்டம் கோபித்தது. சொல்லாவிட்டால் இன்னொரு கூட்டம். 2020 தேர்தலைப் பற்றிப் பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு. அங்கே பெரும்பாலும் காணிக்கைதான் போதகரின் சம்பளம். பிடிக்காதவர் அதை எடுத்துக்கொண்டு வேறு சபைக்குப் போய்விடலாம். கடைக்கு வருகிற எல்லோரும் முதலாளி என்றால், கணக்குப்பிள்ளை எத்தனை பேருக்குப் பதில் சொல்வார்? ஒரு மாதம் லீவு போட்டுத் திரும்பினாலும் அதே சண்டை வாசலில் காத்திருக்குமே!

வேதாகமத்தில் மோசே தனியாளாக எல்லா வழக்கையும் தீர்த்தபோது, மாமனார் எத்திரோ லீவு போடச் சொல்லவில்லை. வேலையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்.

சபையாரும் அதைச் செய்யட்டும். நிர்வாகத்தை மூப்பர்கள் பகிரட்டும். அரசியல் சண்டையைப் போதகர் தலையில் கட்டாமல் இருக்கட்டும். காணிக்கையை ஆயுதமாக்காமல் இருக்கட்டும். அதெல்லாம் செய்யாமல் "போதகருக்காக ஜெபிக்கிறோம்" என்பது, சுமையை இறக்காமல் மாட்டைத் தடவிக் கொடுப்பது போலத்தான்!