வயோதிகமா, வியாதியா?

அறுபதைத் தாண்டிய ஒருவர் சோறு வேண்டாமென்று தள்ளி, யாரோடும் பேசாமல் மூலையில் கிடப்பாரானால், நம் மக்கள் "வயசானால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவரவர் ஜோலியைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சிலர் அதைப் பற்றற்ற நிலை, ஞானம் என்றுகூடப் பெருமைப்படுத்துகிறார்கள். ஞானம் வந்தவர் எதற்காக விடியற்காலம் எழுந்து "செத்தால் தேவலை" என்று அழவேண்டும் என்று கேட்கிறோம். கண்ணில் புரை விழுந்தால் வைத்தியம். மனம் சோர்ந்தால் மாத்திரம் தலையெழுத்தா? அது வியாதி. அதற்கு 1950-களிலிருந்தே மருந்தும் இருக்கிறது.

நிற்க, மருந்து கொடுப்பதிலும் வயதைக் கவனித்தாக வேண்டும். வயோதிகத்தில் ஈரலும் சிறுநீரகமும் மருந்தைக் கழித்துத் தள்ளுவதில் மந்தப்படுகின்றன. வாலிபனுக்கு அளவாயிருப்பது கிழவருக்கு அதிகமாய் ரத்தத்தில் தங்கிவிடும். அதனால்தான் சிட்டலோபிராம் என்னும் மருந்தை, இருதயத் துடிப்பைக் கெடுக்குமென்று, 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கலாகாதென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2012-ல் வரம்பு கட்டிற்று. மற்றவர்களுக்குப் பொதுவாக 40. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகளோ மூத்திரத்தை அடைக்கும், மலத்தைக் கட்டும், புத்தியைக் குழப்பும், எழுந்து நின்றால் தலைசுற்றிக் கீழே தள்ளும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கிழவரின் கதி யாவரும் அறிந்ததே. புதிய மாத்திரைகளிலும், முக்கியமாய் ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தத்தில் சோடியம் உப்பு குறைந்து தடுமாற்றம் வருவதுண்டு. ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் "பாட்டிக்குப் பேய் பிடித்திருக்கிறது" என்று வேப்பிலை தேடுகிறவர்களை என்னவென்று சொல்லுவது?

இதைக் காட்டி, "அப்படியானால் மருந்தே வேண்டாம்" என்று ஒரு கூட்டம் புறப்படும். அது சுத்தப் பித்தலாட்டம். குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவதே வைத்தியர்கள் கண்ட முறை. ஆரம்பித்த அளவிலேயே பயந்து நின்றுவிடுவதும் வைத்தியமல்ல. குணம் தெரிய வாலிபர்களைவிட அதிக நாள், சிலருக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட, ஆகும். பத்தாம் நாளே "பலிக்கவில்லை" என்று மாத்திரையைக் குப்பையில் கொட்டிவிட்டு, சனிப் பரிகாரத்துக்கு மாத்திரம் ஏழரை வருஷம் காத்திருக்கிறவர்களின் பொறுமையை நாம் மெச்சுகிறோம்!

இம்மருந்துகள் தற்கொலை எண்ணத்தை உண்டாக்கும் என்பது இன்னொரு பூச்சாண்டி. அந்த இலாகா 2004-ல் குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் விதித்து, 2007-ல் 24 வயது வரையில் நீட்டிய எச்சரிக்கை அது. 65-ம் அதற்கு மேலும் உள்ளவர்களிடத்தில் மருந்தினால் அந்த ஆபத்து குறைந்ததாகவே அதே இலாகாவின் கணக்குக் காட்டிற்று. பேரனுக்குச் சொன்னதைத் தாத்தாவின் தலையில் கட்டி, அவரைச் சாகவிடுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே தோழர்களே, வீட்டுக் கிழவர் விழுங்குகிற அத்தனை மாத்திரைகளையும், நாட்டு மருந்து உள்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஒன்றோடொன்று சேருமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். குணமானதும் நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.