பம்பை மாற்றும் முன் ஃபியூஸைப் பாருங்கள்

கேள்வி: ‘‘பூ ஏற்றிப்போகும் பழைய பெட்ரோல் கார் திடீரென நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஃப்யூல் பம்ப் போய்விட்டது என்கிறார்கள். உடனே மாற்றத்தான் வேண்டுமா?’’
- வாசகர், கீரமங்கலம், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: அவசரப்பட வேண்டாம். ஃப்யூல் பம்ப் என்பது பெட்ரோல் டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் சின்ன மின் மோட்டார். போர்வெல் சப்மெர்சிபிள் ஓடவில்லை என்றால், மோட்டாரை மேலே தூக்கும் முன் ஃபியூஸ், ஸ்டார்ட்டர், கேபிள் என்று பார்ப்பது வழக்கம். இதற்கும் அதே வரிசைதான். பம்புக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். ஃபியூஸுக்குச் சில ரூபாய்தான். (கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது.)

முதலில், செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட் பக்கம் இரண்டு, மூன்று விநாடி ‘உய்ங்’ என்ற சத்தம் கேட்டால், பம்ப் சுற்றுகிறது. அப்படியும் வண்டி பிடிக்காவிட்டால் ஃபில்டர் அடைப்பு, பிரஷர் குறைவு, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சத்தமே இல்லை என்றால், ஃபியூஸைப் பாருங்கள். கருகியிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் மட்டுமே போட வேண்டும். கம்பி சுற்றினால் ஒயர் தீப்பிடிக்கும். புது ஃபியூஸும் உடனே போனால், எங்கோ ஷார்ட் இருக்கிறது. வைக்கோல், நெல் மூட்டை அருகே நிறுத்தும் வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம். அடுத்து, ரிலேவைக் கழற்றி, அதே எண் உள்ள வேறு ரிலேவைப் பொருத்திப் பாருங்கள்.

இதிலும் சரியாகவில்லை என்றால், ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். சாவி போட்ட சில விநாடிகள்தான் பம்புக்கு மின்சாரம் வரும். எனவே ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மல்டிமீட்டரைப் பார்க்க வேண்டும். பம்ப் இணைப்பில் இருக்கும்போதே 12 வோல்ட் அளவுக்கு வந்தும் ஓடவில்லை என்றால், பம்ப்தான் பழுது. 8, 9 வோல்ட்தான் என்றால் பெரும்பாலும் ஒயரிலோ எர்த்திலோ துரு பிடித்திருக்கும். லோ வோல்டேஜில் கிணற்று மோட்டார் முனகுவது போலத்தான் இதுவும். பெட்ரோல் ஆவி தீப்பற்றும் என்பதால், டேங்க் மூடியை வீட்டில் திறக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். ஃப்யூல் பம்பில் குறைபாடு இருக்கலாம் என்று 2020 ஜூலையில் மாருதி சுசூகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களையும், அதே ஆண்டு ஜூனில் ஹோண்டா 65,651 கார்களையும் திரும்ப அழைத்து, இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தன. 2018, 2019-ல் தயாரான இந்த வண்டிகளை செகண்ட்ஹேண்டில் வாங்கியவர்கள், சேஸிஸ் எண்ணைச் சொல்லி அந்தந்த நிறுவன சர்வீஸ் சென்டரில் விசாரிக்கலாம்.

பம்பைக் குளிர வைப்பது டேங்கில் உள்ள பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடாகி ஆயுள் குறையும். கால் டேங்காவது வைத்திருங்கள்.