பாதி கேட்கும் காது

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையைப் பற்றிக் கேட்டால், "காது கேட்குமே! படகு எஞ்சின் சத்தத்துக்குத் திரும்புகிறானே! இவன் தாத்தாவும் தாமதமாய்த்தான் பேசினார்" என்பார்கள். பிறகு நாக்கில் வசம்பு தேய்ப்பதும், கோயிலில் மணி கட்டுவதும், தாயத்து வாங்குவதுமாக இரண்டு வருஷம் போய்விடும். இதில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வித்தியாசமே கிடையாது. இந்த ஒரு விஷயத்திலாவது ஒற்றுமை இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்பட வேண்டியதுதான் போலும்!

தோழர்களே! எஞ்சின் முழக்கம் தாழ்ந்த ஒலி. ச, த போன்ற எழுத்துக்களைப் பிரித்துக் காட்டுவதோ உயர்ந்த ஒலி. உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பில், உயர்ந்த ஒலிக்குரிய மயிரணுக்கள் மட்டும் கெட்டிருந்தால் பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. முழுச் செவிடான குழந்தையையாவது சீக்கிரம் கண்டுகொள்ளுகிறார்கள். பாதி கேட்கும் குழந்தைதான் எல்லோரையும் ஏமாற்றித் தானும் ஏமாந்து போகிறது.

குறைவு கொஞ்சமானால் காதில் மாட்டும் கருவியே போதும். அது போதாவிட்டால் காக்ளியர் கருவியை ஆபரேஷன் செய்து வைத்து, மின்சாரத்தால் செவி நரம்பையே தூண்டலாம். மிஞ்சிய கேட்கும் சக்தியைக் காப்பாற்றிக்கொண்டு, ஒரே காதில் இரண்டு வழியையும் சேர்க்கலாமென்று பிராங்க்பர்ட் டாக்டர்கள் 1999-லேயே காட்டிவிட்டார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்குட்பட்ட தகுதியுள்ள ஏழைக் குழந்தைக்கு இது இலவசமாகவே நடக்கிறது. மூளை பேச்சைப் பழகுவது முதல் சில வருஷங்களில்தான். அந்த வருஷங்களையா வசம்புக்குக் கொடுப்பது?

நிற்க, பழி முழுவதையும் பெற்றோர் தலையில் போடுவது யோக்கியமாகாது. கருவி வைத்தவுடன் பிள்ளை பேசிவிடாது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். அதற்காகச் சென்னைக்கு 50 கிலோமீட்டருக்குமேல் போகிறவன், ஏரியில் 'பாடு' முறைப்படி தன் முறை வந்த நாளை விட்டால் அடுப்பு எப்படி எரியும்? உப்புக்காற்றும் ஈரமும் கருவியின் வெளிப்பகுதிக்கு எமன். அந்த ரிப்பேர் செலவு வேறு. ஆபரேஷனுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கும் சர்க்கார், பயிற்சியை ஏரிக்கரைக்கே அனுப்பினால் என்ன குடி முழுகிவிடும்?

பிறந்த குழந்தை தூங்கும்போதே, காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிஷங்களில் சோதிக்க முடியும். தடுப்பூசிக்குப் போகும் தாய்மார்கள் இச்சோதனை ஆயிற்றா என்று டாக்டரைக் கேளுங்கள். வீட்டில் தாம்பாளத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள். பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.