குதிரை வராத கை

குழந்தைகளுக்குக் கதை எழுதவும் படம் போடவும் கற்றுத்தருகிறோம் என்று வரும் விளம்பரங்களில் எல்லாம் கற்பனை வளம், கற்பனை வளம் என்றே போட்டிருக்கிறார்கள். எனக்கோ மாரிஸ் சென்டாக்கின் குதிரைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. 1963இல் வெளிவந்த அவருடைய ‘வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்’ என்ற சிறுவர் படக்கதைப் புத்தகம் முதலில் காட்டுக் குதிரைகளின் கதையாகத்தான் இருந்தது. மனிதருக்குக் குதிரை வரைய வரவில்லை. வேறொருவர் என்றால் லாயத்துக்குப் போய் உட்கார்ந்து பழகியிருப்பார். இவர் குதிரையையே கைகழுவிவிட்டு, சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் புரூக்ளின் வீட்டுக்குச் சாப்பிட வந்து, சொத்தைப் பல்லைக் காட்டிச் சிரித்து, கன்னத்தைக் கிள்ளிய சொந்தக்காரர்களைப் பூதங்களாக்கினார். கற்பனை என்று நாம் மெச்சுவதில் பாதி இந்த மாதிரி பழைய கடுப்புதான் போலிருக்கிறது. அதைவிட என்னை அசத்துவது அவர் பக்கங்களைப் பங்கிட்ட விதம். தொடக்கத்தில் வெள்ளைத் தாளின் நடுவே படம் சின்னதாக இருக்கும். சிறுவன் மேக்ஸ் தன் கற்பனைக் காட்டுக்குள் போகப் போக அதுவும் பெருத்துக்கொண்டே வந்து, எழுத்தை ஓரங்கட்டி, பூதங்களின் கும்மாளத்தில் அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பக்கங்களை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒரு வார்த்தை கிடையாது. எழுதியவரும் வரைந்தவரும் ஒரே ஆள் என்பதால் பிழைத்த பக்கங்கள் அவை; வெறும் எழுத்துக்காரன் நானாக இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா, நாலு வரியாவது நுழைத்திருப்பேன்.