மேல்தளத்தில் ஆள் இருந்தால் இரும்புக்குத் தீக்காப்புப் பூச்சு வேண்டும்

மதுரை வில்லாபுரம் வட்டாரத்தில் கடைகளும் குடோன்களும் கட்டிக்கொடுக்கும் பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர்கள் சார்பில் இதை வெளியிடுகிறோம்.

இரும்புத் தூண் நிறுத்தி, பீம் ஏற்றி, சில மாதங்களில் மாடிக்கடை எழுப்பிவிடுகிறோம். அதில் குறையில்லை. ரெட் ஆக்சைடும் எனாமலும் அடித்த கையோடு சாவியைக் கொடுத்துவிடுகிறோமே, அதுதான் குறை. ரெட் ஆக்சைடு துருவைத் தடுக்கும், தீயைத் தடுக்காது.

“இரும்பு எரியுமா?” என்று கடை முதலாளிகள் கேட்கிறார்கள். எரியாது, தளர்ந்துவிடும். சுமார் 550 டிகிரி செல்சியஸில் அதன் வலு ஏறத்தாழப் பாதியாகிறது. சோதனைக்கூடங்கள் அளவுகோலாக வைத்திருக்கும் தீயோ அரை மணி நேரத்திலேயே 840 டிகிரியைத் தொடுகிறது. தெஹ்ரானில் துணிக்கடைகளும் தையல் பட்டறைகளும் நிறைந்திருந்த பிளாஸ்கோ என்ற இரும்புச் சட்டக் கட்டடம் 2017 ஜனவரி 19 அன்று தீயில் சரிந்தது. உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் 16 பேர் திரும்பவில்லை.

மதுரையும் அந்தத் துயரத்தை அறியும். 2020 தீபாவளி நாளில் நவபத்கானா தெருத் துணிக்கடையில் தீயை அணைத்துக்கொண்டிருந்த இரண்டு வீரர்கள் கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். அது பழைய கட்டடம். நாங்கள் கட்டும் புதுக் கட்டடம் எவர் தலையிலும் விழக் கூடாது.

சூடு பட்டதும் உப்பி எழுந்து, இரும்பைச் சுற்றிக் கரிப் பஞ்சாக நிற்கும் பூச்சு இருக்கிறது. வெர்மிகுலைட் கலந்த காரைத் தெளிப்பும் உண்டு. உப்பும் பூச்சின் கனம் இரும்பைப் பொறுத்தது: மெல்லிய இரும்பு சீக்கிரம் சூடேறும், பூச்சு கூடுதலாக வேண்டும். இரும்பில் மிச்சம் பிடித்த காசைப் பூச்சு கேட்டு வாங்கிவிடும். இதைக் கணக்குப் போடும்போதே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி, மேல்தளத்தில் ஆட்கள் புழங்கும் எந்த இரும்புக் கட்டடத்தையும் தீக்காப்பு இல்லாமல் நாங்கள் ஒப்படைக்க மாட்டோம். எத்தனை நிமிடம் தாங்க வேண்டும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பே அளவு. பக்கத்துக்குப் பக்கம் வாசல் உள்ள ஒற்றைத்தள ஷெட்டுக்கு இதை வற்புறுத்தவில்லை. அங்கே ஆட்கள் ஓடித் தப்பலாம்.

பூச்சின் கனத்தை மைக்ரான் மீட்டரில் அளந்து, தூண்வாரியாக எழுதிக் கையெழுத்திட்டுத் தருவோம். பின்னால் ஏ.சி.க்கும் போர்டுக்கும் வெல்டு வைக்கச் சுரண்டிய இடத்தில் மறுபூச்சு அடிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. நிறைவுச் சான்று தருமுன் மாநகராட்சியும் தீயணைப்புத் துறையும் அந்த அளவுத்தாளை எங்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.